பத்து மாசம் என்பது எத்தனை நாள்?

"ஒன்பதாம் மாசம் பொறந்தாச்சு டாக்டர், இனிமே எப்ப எடுத்தாலும் பரவாயில்லதானே?" பிரசவ வார்டில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் பெண்ணின் அம்மா, இல்லையென்றால் மாமியார். கையில் ஜோசியர் குறித்துக் கொடுத்த தாள் இருக்கும். அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. ஒன்பதாம் மாசம் பிறந்திருக்கிறது என்றால், முடிந்திருப்பது எட்டு மாசம்தான். வாரக் கணக்கில் சுமார் 35. அந்த மாசம் முடியும்போதுதான் 39 வாரம் ஆகும். 35-இல் பிறக்கும் குழந்தையும் 39-இல் பிறக்கும் குழந்தையும் ஒன்றல்ல.

"பத்து மாசம் சுமந்து பெத்தேன்" என்று நம் பாட்டிகள் சொன்ன கணக்கு சரியானது. அவர்களுடைய மாசம் 28 நாள். பத்து மாசம் என்றால் 280 நாள், அதாவது 40 வாரம். மருத்துவமனை அட்டையில் எழுதும் பிரசவத் தேதியும் இதே 280 நாள்தான், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. ஜனவரி 5 கடைசி மாதவிலக்கு என்றால் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டி, அக்டோபர் 12. பிரச்சினை வருவது இடையில் காலண்டர் மாசக் கணக்கும் வாரக் கணக்கும் கலக்கும்போது. எனவே மாசத்தை விட்டுவிடுங்கள். வாரத்தையும் நாளையும் மட்டும் பேசுங்கள். டாக்டர் 38+4 என்று எழுதியிருந்தால் 38 வாரம் 4 நாள் முடிந்திருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒரு முறை மாதவிலக்காகும் பெண்ணுக்குச் சரி. 35 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கரு உருவாவதே ஒரு வாரம் தள்ளித்தான். அவருக்கு அக்டோபர் 12 என்பது உண்மையில் அக்டோபர் 19. நீர்க்கட்டி இருப்பவர்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே மறுபடி உண்டானவர்கள், கருத்தடை மாத்திரையை நிறுத்திய மாதமே உண்டானவர்கள் ஆகியோருக்கு மாதவிலக்குத் தேதியை நம்பவே முடியாது. அதற்குத்தான் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன். தலையிலிருந்து பிட்டம் வரை கருவின் நீளத்தை அளந்து வயதைச் சொல்வார்கள். 9 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனும் மாதவிலக்குக் கணக்கும் 7 நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தேதி மாறக் கூடாது.

ஆனால் நடைமுறையில் மாறிவிடுகிறது. 34 வாரத்தில் எடுக்கும் ஸ்கேன் தாளின் மேலும் ஒரு பிரசவத் தேதி அச்சாகி வரும். மிஷின் அன்றைய தலைச் சுற்றளவையும் தொடை எலும்பின் நீளத்தையும் வைத்துத் தானாகப் போட்டுக்கொடுப்பது அது. மூன்றாவது மும்மாதத்தில் இதில் மூன்று வாரம் வரை முன்பின்னாக இருக்கலாம். "புது ஸ்கேன்ல தேதி தள்ளிப் போயிருக்கு, இன்னும் நாள் இருக்கு" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். உண்மையில் குழந்தை வயிற்றுக்குள் சரியாக வளரவில்லை, அதனால் சின்னதாகத் தெரிகிறது என்பதாக அது இருக்கலாம். சீக்கிரம் எடுக்க வேண்டிய குழந்தையை இன்னும் இரண்டு வாரம் உள்ளேயே விட்டுவைக்கும் ஆபத்து இது. இதற்கு நேர்மாறாக, தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தை பெருத்திருக்கும்; மிஷின் வயதைக் கூட்டிச் சொல்லும்; 36 வாரக் குழந்தையை 38 என்று நினைத்து எடுத்துவிடுவார்கள். தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தில் முதல் ஸ்கேனின் தேதியையும் அதன்படியான பிரசவ நாளையும் பெரிதாக எழுதி வையுங்கள். முதல் ஸ்கேன் தாளைத் தொலைக்காதீர்கள். கடைசி நேரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற நேர்ந்தால், அந்தத் தாள்தான் அங்கிருக்கும் டாக்டருக்கு எல்லாவற்றையும் சொல்லும்.

37 வாரம் முடிந்தால் குறைமாசம் இல்லை என்பது பழைய வழக்கு. அந்தக் கோடு இப்போது அவ்வளவு எளிதல்ல. 37 முதல் 38 வாரம் 6 நாள் வரை முன்கூட்டிய நிறைமாதம். 39 முதல் 40 வாரம் 6 நாள் வரைதான் முழு நிறைமாதம். 41-ஆவது வாரம் தாமதம். 42-ஐத் தொட்டால் நாள் கடந்த கர்ப்பம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் 2013-இல் இப்படிப் பிரித்ததற்குக் காரணம், அந்த இரண்டு வாரத்தில் தெரிந்த வேறுபாடு. அமெரிக்காவில் ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களில், வேறு காரணம் எதுவும் இல்லாமல் தேதி குறித்து மறுபடி அறுவை செய்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. மூச்சுத் திணறல், சர்க்கரை குறைதல், தொற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பு என்று ஏதாவது ஒரு சிக்கலுக்கு ஆளான குழந்தைகள் 37-ஆவது வாரத்தில் 15.3 சதவீதம், 38-ஆவது வாரத்தில் 11 சதவீதம், 39-ஆவது வாரத்தில் 8 சதவீதம்.

ஏன் இப்படி? வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரல் நிறையத் திரவம். பிரசவ வலி தொடங்கும்போது குழந்தையின் உடம்பிலும் அட்ரினலின் ஏறுகிறது. அது நுரையீரலுக்கு ஒரு கட்டளை மாதிரி. அதுவரை திரவத்தைச் சுரந்துகொண்டிருந்த செல்கள் அதை உறிஞ்சத் தொடங்குகின்றன. வலியே வராமல் 37 வாரத்தில் வயிற்றைத் திறந்து எடுக்கும் குழந்தைக்கு அந்தக் கட்டளை போய்ச் சேரவே இல்லை. பிறந்தவுடன் அழும், சிவந்திருக்கும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். ஒரு மணி நேரத்தில் நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கும், மூக்கு விடைக்கும், முனகும். இரண்டு மூன்று நாள் ஆக்சிஜன். தாய் ஒரு மாடியில், குழந்தை இன்னொரு மாடியில். சீம்பால் கொடுக்க வேண்டிய நேரம் போய்விடும். மூச்சு நன்றாக இருந்தாலும் 37 வாரக் குழந்தை தூங்குமூஞ்சியாக இருக்கும், பால் இழுத்துக் குடிக்காது, மஞ்சள் காமாலை கூடும். "நுரையீரல் வளர ஊசி போட்டுட்டாங்களே" என்பது முழுப் பதில் இல்லை. டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி என்பது 24 முதல் 34 வாரத்துக்குள் பிறக்கப்போகும் குறைமாசக் குழந்தைக்கான உயிர்காக்கும் மருந்து. நாள் குறித்த அறுவையை முன்னுக்கு இழுப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

"ஏழாம் மாசத்துல பொறந்தா பிழைக்கும், எட்டாம் மாசத்துல பொறந்தா பிழைக்காது" என்று இன்னும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. உள்ளே கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். எட்டாம் மாசத்தில் குறைப்பிரசவ வலி வந்தால், எப்படியும் பிழைக்காது என்று தயங்கி நிற்காமல், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே அங்கே போய்விடுவது, பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிடப் பல மடங்கு நல்லது.

நாள் நட்சத்திரம் பார்ப்பதை இங்கே இழிவாகப் பேச விருப்பமில்லை. ஆடியில் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதன் பின்னால், சித்திரை வெயிலில் பிரசவம் வரக் கூடாது என்ற கவலை இருந்தது என்பார்கள். ஆனால் அந்தச் சித்திரையைத் தவிர்க்க, பங்குனியின் கடைசி நாளில் 37 வாரம் 2 நாளில் அறுவை கேட்பது அந்தக் கவலைக்கே எதிரானது. சிசேரியன்தான் என்று மருத்துவக் காரணத்தோடு முடிவாகிவிட்டால், நாள் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது: 39 வாரம் முடிந்த நாளிலிருந்து ஏழு நாள். மேலே சொன்ன கணக்கில் அக்டோபர் 5 முதல் 11 வரை. அஷ்டமி, நவமி இரண்டும் அதற்குள் விழுந்தாலும் ஐந்து நாள் மிச்சம். ஜோசியரிடம் போகும்போது "இந்த மாசத்துல ஒரு நல்ல நாள்" என்று கேட்காமல், "இந்த ஏழு நாளுக்குள்ளே, காலை எட்டிலிருந்து மாலை நாலுக்குள்ளே" என்று கேளுங்கள்.

நேரத்துக்கும் எல்லை வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம் என்றால் மயக்க மருந்து டாக்டர் வீட்டிலிருந்து வர வேண்டும், குழந்தை டாக்டர் போனில்தான் இருப்பார், ரத்த வங்கியில் ஒரே ஒருவர் இருப்பார். எல்லாம் சரியாகப் போனால் தெரியாது. ரத்தம் நிற்காமல் போகும் அந்த ஒரு பெண்ணுக்குத்தான் இந்த இல்லாமைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். இன்னொன்று, நிமிடக் கணக்கு. முதுகில் ஊசி போட்டால் ரத்த அழுத்தம் இறங்கும். அந்த நிலையில் பெண்ணை மேஜையில் படுக்கவைத்து "இன்னும் ஏழு நிமிஷம்" என்று கடிகாரம் பார்ப்பது தாய்க்கும் குழந்தைக்கும் கேடு. முதல் அறுவையில் தோலைத் திறந்த சில நிமிடங்களில் குழந்தை வந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது என்றால் உள்ளே சவ்வுகள் ஒட்டியிருக்கும், சிறுநீர்ப்பை மேலே இழுபட்டிருக்கும். அதைப் பொறுமையாகப் பிரிக்க வேண்டிய இடத்தில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. லக்னம் மாறிவிட்டது என்று அறுவை முடிந்து வரும் டாக்டரிடம் சண்டை போடாதீர்கள்.

சீக்கிரம் எடுத்தே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. அங்கே நாள் பார்த்துத் தள்ளிப்போடுவது முன்னதைவிட ஆபத்து. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி சிறுநீரில் புரதமும் வந்தால் 37 வாரத்தில் பிரசவம் பார்ப்பது வழக்கம். 160/110-ஐத் தொட்டு, தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் வலி என்றால் 34 வாரம் ஆனதும் எடுத்துவிடுவார்கள். நிலைமை மோசமானால் அதற்கும் முன்பே. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் 36-37 வாரம், வலியும் ரத்தப்போக்கும் தொடங்குவதற்கு முன். ஒரே நஞ்சைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டையர் என்றாலும் 36-37 வாரம்தான். இன்சுலின் போடும் சர்க்கரைக்காரர்களுக்குப் பொதுவாக 39-ஐ ஒட்டி. இவற்றில் எதையாவது டாக்டர் சொல்லி, "அமாவாசை போகட்டும்" என்று வீட்டில் பதில் வந்தால், அந்தப் பெண்ணின் பக்கம் நிற்க ஒருவராவது வேண்டும். இரவில் உள்ளங்கை, உள்ளங்காலில் தாங்க முடியாத அரிப்பு வந்தால் அதையும் சொல்லுங்கள். கல்லீரலில் பித்தம் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

இனி மறுகரை. நாள் கடந்தால் என்ன ஆகிறது? 41 வாரத்துக்குப் பிறகு நஞ்சு மெல்லச் சோர்கிறது, பனிக்குட நீர் குறைகிறது, குழந்தை உள்ளேயே மலம் கழிக்கும் வாய்ப்புக் கூடுகிறது. வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து எண்ணிக்கையில் சிறியது, ஆனால் வாரத்துக்கு வாரம் ஏறுவது. ஸ்வீடனில் 41 வாரத்தில் வலி வரவைப்பதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். காத்திருந்த சுமார் 1,400 பெண்களில் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்ற பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. 2019-இல் வெளிவந்த ஆய்வு அது. 41 வாரம் முடிந்தும் வலி வராவிட்டால் வரவைக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். "தானா வலி வரட்டும், மருந்து வேண்டாம்" என்பது 40 வாரம்வரை நியாயமான ஆசை. 41-இல் அது சூதாட்டம்.

வலி வரவைப்பது என்றால் ஒரு ஊசியில் முடிகிற வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கர்ப்பப்பை வாய் இளகாமல் கெட்டியாக இருந்தால் முதலில் அதைப் பக்குவப்படுத்த வேண்டும். ஜெல் வைப்பார்கள், அல்லது நுனியில் தண்ணீர் நிரப்பிய பலூன் உள்ள ரப்பர் குழாய் வைப்பார்கள், அல்லது 25 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் மாத்திரை. அதன்பின் பனிக்குடத்தை உடைத்து டிரிப்ஸில் ஆக்ஸிடோசின். முதல் பிரசவத்தில் இதெல்லாம் சேர்ந்து ஒன்றரை நாள்கூட ஆகலாம். ஜெல் வைத்து எட்டு மணி நேரத்தில் "வலியே வரல, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று வெளியே இருப்பவர்கள் கேட்கத் தொடங்கினால் உள்ளே இருக்கும் பெண்ணும் தளர்ந்துவிடுவாள். ஏற்கெனவே சிசேரியன் ஆனவருக்கு மிசோப்ரோஸ்டால் கூடாது. பழைய தையல் விட்டுவிடும் ஆபத்து அதில் கூடுதல். எந்த ஊரில், எந்த டாக்டரிடம் போனாலும் பழைய அறுவையைப் பற்றி முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

தேதிக்கு முந்தைய வாரங்களில் வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், அசைவைக் கவனிப்பது. சாப்பிட்டு முடித்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வர வேண்டும். வராவிட்டால், அல்லது வழக்கத்தைவிடக் குறைவு என்று மனசுக்குப் பட்டால், அன்றைக்கே, அந்த நேரத்திலேயே போங்கள். "நாள் நெருங்கிடுச்சு, இடம் இல்ல, அதான் அசையல" என்பது தவறு. உதைப்பது புரள்வதாக மாறலாம், ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது. காலையில் பார்க்கலாம் என்று படுத்தவர்கள்தான் மறுநாள் இதயத் துடிப்பு கேட்காத அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சூட்டு வலியா, நிஜ வலியா என்ற குழப்பம் எல்லார் வீட்டிலும் உண்டு. சீரகத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்து, வெந்நீரில் குளித்தால் அடங்குவது சூட்டு வலி. முதுகிலிருந்து கிளம்பி முன்வயிற்றுக்குச் சுற்றி வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போவது நிஜம். முதல் பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடத்துக்குக் குறையாமல், ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். இரண்டாவது பிரசவம் என்றால் பத்து நிமிட இடைவெளியிலேயே. ரத்தம் பட்டாலோ பனிக்குடம் உடைந்தாலோ வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். நீர் எத்தனை மணிக்குப் போனது, என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பச்சை, பழுப்பு என்றால் குழந்தை மலம் கழித்திருக்கிறது. நீரோடு கயிறு மாதிரி ஏதாவது வெளியே வந்தது தெரிந்தால் அது தொப்புள்கொடி. அதை உள்ளே தள்ளாமல், முட்டி போட்டுக் குனிந்து பிட்டத்தை உயர்த்தியபடி 108-ஐக் கூப்பிட வேண்டும். இவையெல்லாம் பெரும்பாலும் ராத்திரியில்தான். இங்கிலாந்தில் பத்தாண்டுப் பிறப்புப் பதிவுகளைப் பார்த்தபோது, தானாக வலி வந்து பிறந்த குழந்தைகள் அதிகம் பிறந்த நேரம் விடியற்காலை நாலு மணியை ஒட்டி. எனவே வண்டி யாருடையது, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்பதை 36 வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். இரவில் அறுவை செய்ய ஆளும் ரத்தமும் உள்ள சீமாங்க் மையம் எந்த அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதையும், தனியாரிடம் பார்ப்பவர்கள்கூட, தெரிந்து வைத்திருங்கள்.

ஆனால் ரொம்பச் சீக்கிரம் போய்ப் படுத்துக்கொள்வதிலும் சிக்கல் இருக்கிறது. கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் வலி வேகமெடுக்கும் கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் இப்போது கொள்கிறது. காலையில் 3, சாயங்காலமும் 3 என்றால், தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை அது தடைப்பட்ட பிரசவம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8. இதில் ஒரு பங்காவது பொறுமை இழந்ததால் வந்தது என்பதே இத்துறையில் இருக்கும் பலரின் எண்ணம். டாக்டர் அறுவை என்றால் "குழந்தையின் துடிப்பு எத்தனை, வாய் எத்தனை செ.மீ., எவ்வளவு நேரமாக அப்படியே இருக்கிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். துடிப்பு 110-க்கும் 160-க்கும் நடுவில் நிலையாக இருந்தால் பேச நேரம் இருக்கிறது. இறங்கிக்கொண்டே போகிறது என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

குழந்தை வந்தவுடன் எல்லாக் கண்ணும் குழந்தை மேல் போகும். அந்த நேரத்தில்தான் தாய்க்கு ஆபத்து. சுகப்பிரசவத்தில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் அது அளவு மீறல். குழந்தை பிறந்ததும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது அதைத் தடுக்கத்தான். கண்ணால் பார்த்து மதிப்பிடும் ரத்தம் எப்போதும் குறைவாகவே தெரியும். அளவு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்கடியில் வைத்து, கூடியதும் மசாஜ், மருந்து, டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கியபோது, நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் பெரும் ரத்தப்போக்குச் சிக்கல்கள் 60 சதவீதம் குறைந்தன. 2023-இல் வெளியான முடிவு அது. கூட இருப்பவர் முதல் இரண்டு மணி நேரம் தாயின் பக்கத்தில் இருங்கள். தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கர்ப்பப்பை உருண்டையாக, கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். தொளதொளவென்று இருந்தாலோ, கால் மணியில் ஒரு பேட் நனைந்தாலோ நர்ஸைக் கூப்பிடத் தயங்காதீர்கள். ஹீமோகுளோபின் 8 உள்ள பெண் அரை லிட்டரைத் தாங்க மாட்டாள், 11 உள்ளவள் தாங்குவாள். அதனால் இந்த வேலை 28 வாரத்திலேயே தொடங்குகிறது: இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள், ஏறவில்லை என்றால் ஊசியாகக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரம் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் அது உச்சத்துக்குப் போகும், கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவருக்கும் ஏறலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலி என்றால் காற்று பட்டது, தூக்கம் போதவில்லை என்று தைலம் தேய்த்துப் படுக்க வைப்பார்கள். முதுகு ஊசியால் வரும் தலைவலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். படுத்தும் குறையாமல், கண் முன்னே பொறி பறக்கிறது, மேல்வயிறு வலிக்கிறது என்றால் அது பிரஷர். வலிப்பு வருவதற்கு முன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் வாசலிலேயே "குழந்தை பிறந்து ஆறு நாள் ஆகுது" என்று சொல்லுங்கள். வயிறு தெரியாததால் அதை அவர்கள் கேட்காமலே விட்டுவிடுவது உண்டு.